தகர மூக்குக் கடை

அக்ரிலிக் வண்ணத்தில் முகம் வரையப் பழகுகிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டுத்தான் இந்த நிகழ்வுக்கு என்னை அழைத்தார்கள். நான் ஓவியக் கல்லூரியில் படித்தவள் அல்ல. நர்ஸிங் டிப்ளமா முடித்துவிட்டு இருபது வருடங்களாக வார்டில் நிற்பவள். லீவு நாட்களில் வரைவேன், அவ்வளவுதான். கண்ணை இப்படி வரையுங்கள், மூக்குக்கு இந்த நிழல் போடுங்கள் என்று காட்டித்தர என்னைவிடக் கெட்டிக்காரர்கள் யூடியூப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே வேறொன்றைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வரைந்த முகத்தை ஒரு மனிதன் தன் முகத்தின் மேல் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்துபோன ஒரு காலம் இருந்தது. முகத்தை உள்ளபடி வரைவது என்றால் என்ன என்ற கேள்வி எந்த ஓவியக் கூடத்தையும்விட அங்கேதான் கடுமையாகச் சோதிக்கப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் உலகப் போரில் சிப்பாய்கள் அகழிகளுக்குள் நின்று சண்டையிட்டார்கள். கழுத்துக்குக் கீழே இருந்ததை மண் காப்பாற்றியது. எட்டிப் பார்த்த தலையைக் காப்பாற்ற ஒன்றுமில்லை. இயந்திரத் துப்பாக்கி, ஷெல் துண்டு, எரிகாயம். ஷெல் துண்டு ஒரு தாடையை என்ன செய்யும் என்பதை இந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முந்தைய காலத்துப் போர் என்றால் இப்படிக் காயம்பட்டவர்களில் பெரும்பாலோர் களத்திலேயே இறந்திருப்பார்கள். இந்தப் போரில் ஆம்புலன்ஸ் வந்தது, மயக்க மருந்து வந்தது, காயத்தைச் சுத்தமாக வைக்கும் முறைகள் வந்தன. பிழைத்துக்கொண்டார்கள். மூக்கில்லாமல், கீழ்த்தாடை இல்லாமல், ஒரு கன்னமும் ஒரு கண்ணும் இல்லாமல் பிழைத்துக்கொண்டார்கள்.

இவர்களுக்காக இங்கிலாந்தில் ஒரு தனி வார்டு கேட்டு வாங்கியவர் ஹரால்ட் கில்லீஸ் என்ற அறுவை மருத்துவர். நியூசிலாந்துக்காரர். 1916இல் ஆல்டர்ஷாட் ராணுவ மருத்துவமனையில் தொடங்கினார். அந்த ஆண்டு சோம் நதிக்கரைச் சண்டைக்கு முன்னால் 200 பேர் வரலாம் என்று படுக்கைகளைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் 2,000 பேர் என்பார்கள். 1917இல் லண்டனுக்குத் தென்கிழக்கே சிட்கப் என்ற ஊரில் இதற்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே 5,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. ஒரே ஆளுக்குப் பத்து, பதினைந்து முறை. வார்டில் கண்ணாடி மாட்டவில்லை. ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள். இதில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் நீங்கள் திடுக்கிடக்கூடும் என்று ஊராருக்கு முன்கூட்டியே சொல்வதற்காக. அந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தவனின் பக்கத்திலிருந்து அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன், ஏனென்றால் முகத்தை மீட்பதற்கும் முகத்தை வரைவதற்கும் உள்ள தொடர்பு ஐரோப்பாவில் தொடங்கியது அல்ல. 1792இல் நடந்த மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய மராட்டியர் ஒருவர் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஆங்கிலேயர் அவர் பெயரைக் கவாஸ்ஜி என்று எழுதிவைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே அருகே, செங்கல் சூளை வேலை செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலைச் சீவி இறக்கி மூக்கு வைத்தார். அறுவை நடந்து பத்து மாதம் கழித்து, 1794 ஜனவரியில், ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் கவாஸ்ஜியின் முகத்தை வரைந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' அந்தச் செய்தியைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் பார்த்துப் படித்துத்தான் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் 1814இல் அதே முறையில் அறுவை செய்தார். நெற்றித் தோலில் மூக்கு செய்வதை இன்றும் 'இந்திய முறை' என்றே சொல்கிறார்கள். மூக்கு வைத்தவரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. படத்தை வரைந்தவர் பெயர் இருக்கிறது, படத்திலிருப்பவர் பெயர் இருக்கிறது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் உறுத்தும். வேலையைச் செய்த கை பதிவேட்டில் இருக்காது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழகிய விஷயம்தான்.

கவாஸ்ஜியின் படம் ஒரு சாட்சி. நெற்றியில் தழும்பு எங்கே, மூக்கு எப்படி ஒட்டியிருக்கிறது என்று கடல்தாண்டி இருக்கும் ஒரு மருத்துவர் நம்ப வேண்டும். அதற்காக வரைந்தது.

ஆல்டர்ஷாட்டிலும் கில்லீஸுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். ஹென்றி டாங்க்ஸ். ஓவிய உலகில் அவர் லண்டனின் ஸ்லேட் கலைப்பள்ளியில் மாணவர்களை நடுங்கவைத்த ஆசிரியர். ஆனால் ஓவியத்துக்கு வருவதற்கு முன் அவர் முறையாகப் பயின்ற அறுவை மருத்துவர். 1916இல் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து, கில்லீஸின் நோயாளிகளை அறுவைக்கு முன்னும் பின்னும் பேஸ்டலில் வரைந்தார். அவற்றில் எழுபது அளவுக்கு லண்டன் அறுவை மருத்துவர்கள் ராயல் கல்லூரியில் இருக்கின்றன. கேமரா இருந்த காலத்தில் எதற்குக் கையால் வரைய வேண்டும்? ஏனென்றால் அன்றைய மருத்துவமனைப் புகைப்படம் கறுப்பு வெள்ளை. புண் கறுப்பு வெள்ளையில் பேசாது.

இதை நர்ஸாகச் சொல்கிறேன். ஆறுகிற புண்ணுக்கு ஒரு சிவப்பு உண்டு. உடைத்த மாதுளையின் உட்புறம் மாதிரி ஈரமாக, மணிமணியாக இருக்கும். டிரெஸ்ஸிங்கைப் பிரித்ததும் அந்தச் சிவப்பைக் கண்டால் எங்களுக்கு மூச்சு வரும். மஞ்சளாகப் படிந்திருந்தால் இன்னும் சுத்தம் செய்ய வேண்டும். ஓரம் கறுத்திருந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். புதுத் தழும்பு ஊதா கலந்த ரோஜா நிறத்தில் இருக்கும். மாதங்கள் போகப் போக வெளிறும். டாங்க்ஸின் படங்களில் இந்த நிறங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கில்லீஸ் எங்கே வெட்டினார், எங்கே தோல் பிடித்தது என்று இன்றும் படிக்கலாம். ஆனால் என்னை நிறுத்தியது அது அல்ல. காயத்தைத் துல்லியமாகப் போட்ட அதே கை, காயம் படாத கண்ணையும் அதே அக்கறையோடு போட்டிருக்கிறது. அந்தக் கண் நம்மைப் பார்க்கிறது. மருத்துவப் பதிவுக்கு அந்தக் கண் தேவையே இல்லை. டாங்க்ஸ் இந்தப் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க விரும்பவில்லை. நோயாளியின் மானத்தைக் காப்பது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

வரையப் பழகுகிறவர்கள் டாங்க்ஸிடம் கற்க ஒன்று உண்டு. அவர் 'மூக்கு' என்ற பொருளை வரையவில்லை. தோலுக்குக் கீழே எலும்பு எங்கே முடிகிறது, குருத்தெலும்பு எங்கே தொடங்குகிறது, சதை எங்கே தொங்குகிறது என்று பார்த்து வரைந்தார். ஒரு பகுதி இல்லாமல் போன முகத்தில் மூக்குக்கென்று மனப்பாடமாக வைத்திருக்கும் வடிவம் உதவாது. நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே கண்ணென்றால் மீன், மூக்கென்றால் ஏழு என்ற எண் என்று பழகிவிட்டோம். அக்ரிலிக்கில் முதல் முகம் போடுகிறவர்களின் படத்தில் நான் பார்ப்பது அந்த மீனும் ஏழும்தான், வண்ணத்தோடு.

இனி தலைப்புக்கு வருகிறேன்.

கில்லீஸால் எல்லோரையும் சரி செய்ய முடியவில்லை. எடுத்து ஒட்டத் தோல் இல்லாதவர்கள் இருந்தார்கள். இருபதாவது தடவை கத்திக்குக் கீழே படுக்க மாட்டேன் என்றவர்கள் இருந்தார்கள். லண்டனில் வாண்ட்ஸ்வொர்த் பகுதியில் மூன்றாவது லண்டன் பொது மருத்துவமனை என்ற ராணுவ மருத்துவமனை இருந்தது. அங்கே பிரான்சிஸ் டெர்வென்ட் வுட் என்ற சிற்பி ஆர்டர்லியாகச் சேர்ந்தார். போர்முனைக்குப் போகும் வயதைக் கடந்தவர், 1871இல் பிறந்தவர். முதலில் உடைந்த கை கால்களுக்குச் சிம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு, சிம்பு செய்ய முடிந்த கைக்கு முகம் செய்ய முடியாதா என்று கேட்டு, 1916இல் முகமூடிகளுக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். நோயாளிகள் அதற்கு வைத்த பெயர் 'தகர மூக்குக் கடை'. வார்டில் இருப்பவர்களின் நகைச்சுவை எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான்.

வேலை இப்படி நடக்கும். காயம் முழுக்க ஆறும்வரை காத்திருப்பார்கள். பிறகு மூச்சுக்கு வழி வைத்து முகம் முழுக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி அச்சு எடுப்பார்கள். காயம் ஆறி ஒரு வருடம்கூட ஆகாத முகத்தில், கண்ணையும் வாயையும் மூடி, ஈரமான சாந்தை அப்பி, அது சூடாகி இறுகும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். அச்சிலிருந்து வார்த்த முகத்தின் மேல், போருக்கு முன்னால் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டு, காணாமல் போன பகுதியைச் சிற்பி களிமண்ணில் கட்டுவார். அதிலிருந்து மின்முலாம் முறையில் மெல்லிய செம்புத் தகடாக முகமூடி வரும். கனம் ஓர் அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் ஒன்றுக்கும் குறைவு. முழு முகத்துக்கா, பாதி முகத்துக்கா என்பதைப் பொறுத்து எடை ஏறத்தாழ 110 கிராமிலிருந்து 250 கிராம் வரை. மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பியில் பொருத்தி மாட்டிக்கொள்ளலாம். பார்வைக்குத் தேவையில்லாதவர்களும் அதற்காகவே கண்ணாடி அணிந்தார்கள்.

வுட்டின் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு அவருக்குக் கடிதம் எழுதியவர் பாஸ்டனில் வாழ்ந்த சிற்பி ஆனா கோல்மன் லாட். அவர் கணவர் குழந்தை மருத்துவர். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பணிக்காகப் பிரான்சுக்குப் போனவர். ஆனாவும் 1917 இறுதியில் பாரிஸ் போய், செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவில் முகமூடிக் கூடம் ஒன்றைத் திறந்தார். கொடி படர்ந்த முற்றத்தைத் தாண்டி மாடியேறினால் வெளிச்சமான பெரிய அறை. பூக்கள், கொடிகள், சுவரொட்டிகள். வருகிறவர்களுக்கு சாக்லேட்டும் ஒயினும் கொடுத்து, டோமினோ விளையாட உட்கார வைத்தார்கள். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஆஸ்பத்திரியில் இருபது வருடம் நின்றவள் சொல்கிறேன், அந்தச் சட்டத்தை ஒரு நாள் முழுக்க முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கடைப்பிடிப்பது செம்பில் மூக்கு அடிப்பதைவிடச் சின்ன வேலை அல்ல.

ஒரு முகமூடிக்கு ஒரு மாதம் ஆகும். தகடு தயாரானதும் லாட் செய்ததுதான் ஓவியம் பழகுகிறவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம். முகமூடியை மேசைமேல் வைத்து அவர் வண்ணம் தீட்டவில்லை. அந்த மனிதன் அதை அணிந்துகொண்டு எதிரே உட்கார, மீந்திருக்கும் உண்மைத் தோலுக்குப் பக்கத்திலேயே வண்ணத்தை வைத்து வைத்துப் பார்த்துத் தீட்டினார். எண்ணெய் வண்ணம் உதிர்ந்தது. ஆகவே கழுவக்கூடிய, மங்கலாகக் காயும் எனாமலுக்குப் போனார்கள். நான் நாகர்கோவில் பக்கம். எங்கள் ஊர்க் கோயில் சுரூபங்களுக்குத் திருவிழாவுக்கு முன் எனாமல் அடிப்பார்கள். மாதாவின் கன்னம் டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளக்கும். அது சுரூபத்துக்கு அழகு. ஆனால் தோல் அப்படிப் பளபளக்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தோல் வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொண்டுதான் திருப்பித் தரும். மினுமினுப்பு மூக்கு நுனியிலும் கீழுதட்டிலும் கண்ணின் ஈரத்திலும் மட்டும் இருந்தால் முகம் உயிரோடு தெரியும். எல்லா இடத்திலும் இருந்தால் பொம்மை.

நிறம் அதைவிடச் சிக்கல். மேகமூட்டமான நாளில் கச்சிதமாகப் பொருந்திய நிறம் வெயிலில் வெளிறிப் பிணக்களையாகத் தெரிந்தது. வெயிலுக்கென்று கலந்தால் அறைக்குள் பொருந்தவில்லை. உயிருள்ள கன்னம் நாளின் வெளிச்சத்தோடு தானும் மாறும், செம்பு மாறாது. லாட் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தைப் பிடித்தார். எந்த வெளிச்சத்திலும் முழுக்கச் சரியில்லாத, எந்த வெளிச்சத்திலும் காட்டிக்கொடுக்காத நிறம். பிறகு சவரம் செய்த கன்னத்தில் தெரியும் நீலச் சாயலைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்தார். முகத்தில் நீலமா என்று பயப்படும் புதியவர்களுக்கு நான் எப்போதும் இந்தக் கன்னத்தைத்தான் சொல்வேன். புருவத்துக்கும் மீசைக்கும் பாரிஸ் கூடத்தில் உண்மை முடி ஒட்டினார்கள். லண்டனில் வுட் மெல்லிய உலோகத் தாளை இழை இழையாக நறுக்கி இமை முடி வைத்தார். மோவாய் இல்லாதவனின் முகமூடியில் உதடுகள் சற்றே திறந்திருக்கும், சிகரெட் பிடிக்க வசதியாக.

சாதாரண உருவப்படம் நம்மை நிறுத்த வேண்டும். கண்காட்சியில் பத்துப் படங்களைக் கடந்து வருகிறவரை 'இங்கே பார்' என்று பிடித்து நிறுத்துவதுதான் அதன் வெற்றி. லாட் வரைந்த முகத்தின் வெற்றி அதற்கு நேர் எதிர். டிராமில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண் அதன்மேல் பட்டு, நிற்காமல், ஜன்னலுக்குப் போய்விட வேண்டும். அந்த மனிதனுக்கு வேண்டியிருந்தது அழகு அல்ல. கவனிக்கப்படாமல் போகும் உரிமை. நம்மில் பலருக்கு, புது நாட்டில் முதல் வருடம், அந்த உரிமையின் அருமை கொஞ்சம் தெரிந்திருக்கும்.

பேச்சின் நடுவே ஒரு நண்பர் கேள்வி அனுப்பியிருந்தார்: ஏன் மறைக்க வேண்டும், இருக்கிற முகத்தோடு இருக்கக் கூடாதா? நல்ல கேள்வி, அன்றே கேட்கப்பட்ட கேள்வியும்கூட. 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் அரண்மனையில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது, முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சுச் சிப்பாய்களை அந்த மண்டபத்தில் நிற்க வைத்தார்கள். முகமூடி இல்லாமல். கையெழுத்துப் போட வந்தவர்கள் அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டியிருந்தது. 1921இல் அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து சங்கமே அமைத்தார்கள். தலைவர் பிக்கோ என்ற கர்னல், அவரும் முகத்தில் காயம்பட்டவர். 'உடைந்த மூஞ்சிகள்' என்ற பொருள்படும் பட்டப்பெயரைத் தாங்களே எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1927இல் பாரிஸுக்கு வெளியே ஒரு மாளிகையை வாங்கி, அங்கே தங்களுக்குள் கூச்சமில்லாமல் வாழ்ந்தார்கள். அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் ரொட்டிக் கடைக்குத் தனியாகப் போக முகமூடி மாட்டிக்கொண்டவனை நான் குறைவாக நினைக்க மாட்டேன். எல்லா நாளும் சாட்சியாக நிற்க யாராலும் முடியாது.

முகமூடிகளுக்கு ஆயுள் சில வருடங்கள்தான். எனாமல் கீறியது, செம்பு நசுங்கியது. அதைவிட, அணிந்தவனுக்கு வயதானது, முகமூடிக்கு ஆகவில்லை. 1914ஆம் ஆண்டுப் புகைப்படத்தில் இருந்த கன்னம் அப்படியே இருக்க, மறுபக்கக் கன்னம் சுருங்கி நரைத்தது. லாட்டின் கூடம் செய்து முடித்தவை இருநூறுக்கும் குறைவு. போர் முடிந்ததும் பணம் நின்றது, கூடங்கள் மூடின. லாட் ஊருக்குத் திரும்பி மறுபடி சிற்பம் செய்தார். 1932இல் பிரான்ஸ் அவருக்கு லீஜியன் ஆஃப் ஆனர் விருது கொடுத்தது. வுட் செய்த ஒரு சிலையை லண்டனில் இருப்பவர்கள் பஸ்ஸில் பலமுறை கடந்திருப்பீர்கள். ஹைட் பார்க் முனையில், 1925இல் திறக்கப்பட்ட இயந்திரத் துப்பாக்கிப் படை நினைவுச் சின்னம். மேலே ஆடையில்லாத தாவீது, கையில் பெரிய வாள். இரு பக்கமும் வெண்கலத்தில் நிஜ அளவுத் துப்பாக்கிகள், மாலை சூட்டப்பட்டு. கீழே சவுலையும் தாவீதையும் ஒப்பிட்டு யார் அதிகம் கொன்றார் என்று சொல்லும் சாமுவேல் புத்தக வசனம். உடைந்த முகங்களுக்கு மூன்று வருடம் செம்பில் மூக்கு செய்த கை, அந்த முகங்களை உடைத்த ஆயுதத்துக்குச் சின்னம் செய்தது. கிண்டலாகச் செய்தாரா, கேட்டதைச் செய்து கொடுத்தாரா என்று நான் அங்கே நிற்கும்போதெல்லாம் யோசிப்பேன். தாவீதின் முகத்தில் ஒரு கீறல் இல்லை.

அக்ரிலிக் எங்கே என்று கேட்பீர்கள். அடுத்த போரில் வருகிறது.

கண்ணை இழந்தவர்களுக்கு அதுவரை கண்ணாடிக் கண். உலகின் நல்ல கண்ணாடிக் கண்கள் ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் லவுஷா என்ற சிற்றூரிலிருந்து வந்தன. பொம்மைகளுக்குக் கண் ஊதிக்கொண்டிருந்த ஊர் அது. 1835இலிருந்து மனிதர்களுக்கும் ஊதியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து வரத்து நின்றது. காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1943-44 வாக்கில் இதற்கு வழி கண்டவர்கள் கண் மருத்துவர்கள் அல்ல, அமெரிக்க ராணுவத்தின் பல் மருத்துவர்கள்: எர்ப், விர்ட்ஸ், டீட்ஸ் என்ற மூவர். ஏன் பல் மருத்துவர்கள் என்றால், அவர்கள் ஏற்கெனவே அக்ரிலிக்கில் பல்செட் செய்துகொண்டிருந்தார்கள். வாயில் அச்செடுப்பது மாதிரியே கண்குழியில் அச்செடுத்தார்கள். ஈறுக்கு நிறம் கொடுத்த அனுபவத்தில் கண்ணுக்கு நிறம் கொடுத்தார்கள். கீழே விழுந்தால் உடையாத கண். கருவிழி வட்டத்தைத் தூரிகையால் தீட்டி, மேலே தெளிந்த அக்ரிலிக்கை வைத்து மூடினார்கள். வெள்ளைவிழியில் ஓடும் சின்ன ரத்த நாளங்களுக்குச் சிவப்பு நூலிழைகளைப் பதித்தார்கள்.

அதே காலத்தில் அதே பொருள் போர் விமானங்களின் முன்கண்ணாடியாக இருந்தது. அது நொறுங்கி விமானிகளின் கண்ணுக்குள் போனபோது கண் அதை எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு கண்புரை நோயாளிக்கு அக்ரிலிக் லென்ஸ் வைத்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அரோலேப் 1992இல் இந்த லென்ஸை உள்ளூரிலேயே செய்யத் தொடங்கி விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. உங்கள் பாட்டிக்கு மதுரையில் கண் ஆபரேஷன் நடந்திருந்தால், அவர் பேரன் பேத்தியைப் பார்த்தது அநேகமாக அக்ரிலிக் வழியாகத்தான்.

ஓவியர்களின் டியூபுக்கு அது கடைசியாகத்தான் வந்தது. 1940களில் டர்பன்டைனில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வந்தது. தண்ணீரில் கரைவது 1955இல், லிக்விடெக்ஸ் என்ற பெயரில். டியூபில் இருக்கும்போது அது பால் மாதிரிக் கலங்கிய கரைசல், காய்ந்தால் தெளிந்துவிடும். அதனால்தான் ஈரத்தில் வெளிறித் தெரியும் நிறம் காய்ந்ததும் ஒரு படி கறுக்கிறது. கன்னத்தின் நிறத்தைக் கலந்ததும் அப்படியே படத்தில் வைக்காதீர்கள். ஒரு துண்டு காகிதத்தில் பூசி, காயவிட்டு, ஜன்னலோரமும் விளக்கடியும் வைத்துப் பாருங்கள். லாட் செய்தது இதைத்தான்.

இன்னொன்று, நமக்கானது. நான் சொன்ன முகங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். 'சதை நிறம்' என்று பெயர் போட்டு ஒரு வெளிர் ரோஜாவை விற்றுவந்த கிரேயோலா கம்பெனி, 1962இல்தான் அந்தப் பெயரைப் 'பீச்' என்று மாற்றியது. நம் தோலுக்கு யெல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் அடிப்படை. நிழலுக்குக் கறுப்பைத் தொடாமல் அல்ட்ராமரைன் நீலத்தைச் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சப் பகுதிக்கு வெறும் வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூத்துவிடும். கொஞ்சம் மஞ்சளோ ஆரஞ்சோ கூட வேண்டும். கறுத்த நெற்றியில் விழும் மினுப்பு பல நேரம் நீலம், வானத்தின் நிறம். எங்கள் பாடப் புத்தகங்களிலும் இதே குறை இருந்தது. ஆக்ஸிஜன் குறைந்தால் நோயாளி 'நீலமாவார்', ரத்தம் குறைந்தால் 'வெளுப்பார்' என்று படித்துவிட்டு வார்டுக்கு வந்தால், நம் ஆட்களின் கன்னத்தில் அது சட்டென்று தெரியாது. கீழிமையை இறக்கிப் பார்க்க வேண்டும், உதட்டின் உட்புறம், உள்ளங்கை பார்க்க வேண்டும். 2020இல் மலோன் முகுவெண்டே என்ற மருத்துவ மாணவர் லண்டனில் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து, நோய்க்குறிகள் கறுத்த தோலில் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடே வெளியிட்டார். அந்தக் கையேட்டைப் படிப்பது மருத்துவர்களுக்கு மட்டுமல்ல, பழுப்பு முகம் வரைகிறவர்களுக்கும் பயன்படும்.

செயற்கைக் கண்ணை இன்றும் பெரும்பாலும் கையால்தான் தீட்டுகிறார்கள். இங்கிலாந்தில் பிளாக்பூலைத் தலைமையிடமாகக் கொண்டு இதற்கென ஒரு தேசியச் சேவை இருக்கிறது. நோயாளி எதிரே உட்கார்ந்திருப்பார். ஓவியர் அவருடைய மற்றக் கண்ணைப் பார்த்துப் பார்த்து கருவிழியைத் தீட்டுவார். பழுப்புக் கண் என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதில் தேன் நிறம், பச்சை, ஓரத்தில் ஒரு சாம்பல் வளையம் எல்லாம் உண்டு. வெள்ளைவிழியை வெள்ளையில் தீட்டினால் கண் முறைக்கும். மஞ்சளும் சாம்பலும் கலந்த வெள்ளை வேண்டும். வயதுக்கேற்ப மஞ்சள் கூடும். ஒரு சிக்கலுக்கு மட்டும் இன்னும் தீர்வில்லை. உயிருள்ள கண்மணி வெயிலில் சுருங்கும், இருட்டில் விரியும். தீட்டிய கண்மணி அப்படியே இருக்கும். எந்த அளவில் தீட்டுவது? வெயிலுக்கும் இருட்டுக்கும் நடுவில் ஓர் அளவை எடுத்துக்கொள்கிறார்கள்.